கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். அப்பாவைச் சேர்க்க அண்ணன் பார்த்திருக்கும் முதியோர் இல்லத்தின் படங்கள் வந்தன. தரை பளபளக்கிறது. நான் வேலை பார்க்கும் இல்லத்திலும் அப்படித்தான்.

நேற்று மத்தியானம் இங்கே ஒரு பெரியவர் கழிவறைக்குப் போக மணி அடித்தார். பதினெட்டுப் பேருக்கு நான் ஒருத்தி. போய்ச் சேர அரைமணி நேரமாகிவிட்டது. படுக்கை நனைந்திருந்தது. “மன்னிச்சிரும்மா, அடக்கித்தான் பார்த்தேன்” என்றார். துடைத்து மாற்றிவிட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை.

நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் அங்கே போங்கள். மணி அடித்தால் ஆள் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம்.

அப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள், திட்டினாலும் சரி.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அப்பா உங்கள் முகத்தைத்தானே பார்ப்பார்? அங்கே அவர் மணியே அடிக்கமாட்டார் அம்மா. பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்