முதுகைப் பார்க்க ஓர் ஆள்

பிப்ரவரி 4, செவ்வாய்

பாண்டியிலிருந்து பழைய ஸ்கூபா சிலிண்டரோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். கேஸ் சிலிண்டர் என்று நினைத்துக் கண்டக்டர் சத்தம் போட்டார். கடலுக்கடியில் மூச்சுவிடுகிற சாமான் என்றதும் எழுந்து நின்று ஸீட் கொடுத்தார். எழுந்து நின்றார் என்பது கொஞ்சம் அதிகம்; நகர்ந்து உட்கார்ந்தார்.

அங்கே ஸ்கூபா கடையில் வேலை பார்க்கும் அக்கா மகள் டயானாதான் மூன்று நாள் பழக்கிவிட்டாள். கடலடியில் ஒரு திமிங்கலம் எனக்கு வழிவிட்டது. டயானா அதை மத்தி மீன் என்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்தாள். "மாமா, எறங்கினா ரெண்டு பேரா எறங்கணும். உங்க முதுகை நான் பாப்பேன், என் முதுகை நீங்க பாக்கணும்."

என் முதுகில் பார்க்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 7, வெள்ளி

டீக்கடை. வடக்கனந்தல் நாராயணசாமியின் கிணற்றில் கயிறு அறுந்து மோட்டார் உள்ளே விழுந்துவிட்டதாம். கரும்பு காய்கிறது. கடையே என்னைப் பார்த்தது.

"நான் ஒருத்தனே எறங்கி மோட்டாருக்குக் கயிறு கட்டிட்டு வரேன்." என் வாய்தான் சொன்னது.

"தனியாவா? தெகிரியம்தாம்பா சின்னப்பா உனக்கு," என்றார் நாராயணசாமி.

"கூட ஒருத்தன் வந்தா எனக்குத்தான் எடைஞ்சல்."

இதையும் அதே வாய்தான் சொன்னது. திங்கட்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது.

பிப்ரவரி 8, சனி

டயானாவிடம் போனில் பேசினேன்.

"வேணாம் மாமா."

"ஏம்மா, உலகத்துல யாருமே தனியா எறங்கறதில்லியா?"

"எறங்கறாங்க. வருஷக்கணக்கா பழகினவங்க. ரெண்டாவதா ஒரு குட்டி சிலிண்டரும் வச்சிருப்பாங்க. நீங்க எறங்கினது மூணு நாளு. அதுல ஒரு நாளு வாந்தி."

"பயந்தாங்கொள்ளி ஒருத்தன் தொணைக்கு வந்தா நம்ம கழுத்தைத்தான் புடிப்பான். அதுக்குத் தனியாவே தேவல."

"அது நெசந்தான். அதுக்காவ யாருமே வேணாம்னு ஆயிடுமா? லீவு கெடச்சதும் நான் வரேன், அதுவரைக்கும் இருங்க."

இருக்கலாம். ஊர் என்ன சொல்லும்? பொண்ணு வந்தாத்தான் சின்னப்பன் எறங்குவான்னு சொல்லும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். நூறடித் தண்ணீர். சரி, அறுபதாவது இருக்கும். கறுப்பாக, அசையாமல் இருக்கிறது.

சோறு இறங்கவில்லை. பித்தம் என்றேன் என் பெண்சாதி ஆனந்தமேரியிடம்.

"பித்தமா, பயமா?"

"யாருக்குடி பயம்?"

"அப்ப நானும் வரேன்."

"வா. ஆனா கயிறு புடிக்க வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத. டீ கொண்டாந்தேன்னு சொல்லு."

பிப்ரவரி 10, திங்கள்

மோட்டார் வரவில்லை. நான் வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்குத்தான் முழுதாக எழுத முடிகிறது.

நான் பயந்திருப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று, ஊர் வருவதற்கு முன்பே போய் இறங்கிவிட்டேன். இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே ஆனந்தமேரி கையில்.

அடியில் கால் பட்டதும் சேறு கிளம்பியது. டார்ச் அடித்தால் டீக்குள் அடித்த மாதிரி. மேலே எது, கீழே எது? எழும்பினேன். பின்னாலிருந்து என்னவோ பிடித்து இழுத்தது. பேய் என்றே நினைத்தேன். பழைய மோட்டார் ஒயர், சிலிண்டரின் கழுத்தில் மாட்டியிருக்கிறது. கை எட்டவில்லை. எட்டவே இல்லை. முன்னால் இருந்தால் குழந்தைகூட எடுத்துவிடும் — முதுகுலதான இருக்குது! திமிறத் திமிற இறுகுது. மிச்சக் காத்தைக் காட்டற முள்ளு செவப்புக்குப் போய்க்கினு இருக்குது. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. ஏம்மா டயானா, இதுக்குத்தான் சொன்னியா?

அப்போது இடுப்புக் கயிறு தளர்ந்தது. விட்டுவிட்டாள், செத்தேன் என்று நினைத்தேன். பிறகு வேறு பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தது. ஒயர் கழன்றது. ஆரோக்கிய மாதாவே என்று வாய்க்குள் கத்திக்கொண்டே மேலே வந்தேன். வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும் என்று டயானா சொல்லியிருந்தாள். எனக்கு அது நினைவில்லை. கத்தியதால் மூச்சு தானாகப் போயிருக்கிறது.

படியில் கிடந்தபடியே கேட்டேன். "ஏண்டி கயித்த வுட்ட?"

"வாளி மாட்டிக்கினா இழுத்துக்கினேவா இருப்பாங்க? லூசா வுட்டு, அந்தாண்ட போயி இழுத்தேன்."

இரண்டு உள்ளங்கையும் உரிந்திருந்தன. அப்புறம்தான் அழுதாள். நானும். மேலெல்லாம் தண்ணீர் சொட்டியதால் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 14, வெள்ளி

டீக்கடையில் ஒயர் மலைப்பாம்பு பருமன் இருந்தது என்றேன். நம்பினார்கள்.

"அடுத்து எப்ப?" என்றார் நாராயணசாமி.

"அக்கா பொண்ணு கெணத்துல எறங்கிப் பழகணுங்குது. அது வரட்டும்."

பிப்ரவரி 16, ஞாயிறு

மோட்டார் வந்துவிட்டது.

டயானா தன் சிலிண்டரோடு, எனக்கும் காற்று நிரப்பிய ஒன்றோடு வந்தாள். கிணற்றைச் சுற்றி டீக்கடையே நின்றது. ஆனந்தமேரி உள்ளங்கையில் துணி சுற்றி, எல்லார் கண்ணுக்கும் தெரிய, கயிற்றைப் பிடித்திருந்தாள். இறங்கும் முன் டயானாவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். குழாய், பட்டை, சிலிண்டர் கழுத்து எல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்குது மாமா. எறங்கலாம்."

"இன்னொருவாட்டி பாரும்மா," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.