டீச்சர் அடிக்கல்ல

நோவெண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் சின்ன வயதில் என்னோடு நடனம் பழகிய உன் கெண்டைக்கால்கள்தான் என் கண்முன் வந்து நின்றன. கல்லடியில் ஒரு மேல்மாடி மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் தொடைக்கு அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டிருந்தாள். வகுப்புத் தொடங்க முன்பே பூசுகிறாளே என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மகளுக்கு எட்டு வயது. போனில் எங்கேயோ பாலே நடனத்தைப் பார்த்துவிட்டு, ஆறு மாதமாகக் கால்நுனியில் நின்றுகொண்டுதான் பல் தீட்டுகிறாள். முதலில் பரதம் பழகட்டும் என்றார் அவள் அப்பா. புளியந்தீவில் இரண்டு இடம் பார்த்தோம். இரண்டிலும், தாளம் தட்டும் அந்தத் தட்டுக்கழியை டீச்சரின் கையில் கண்டவுடன் மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். ஏன் என்று கணவர் கேட்டதற்கு, "சரிவராது" என்று மட்டும் சொன்னேன். காரணம் உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

கழி இல்லாத இடமென்றுதான் இந்த பாலே வகுப்பைத் தேடிப் பிடித்தேன். கொழும்பில் பழகி வந்த இளம் டீச்சர். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. சின்னப் பெட்டியிலிருந்து பியானோ இசை. பிள்ளைகளைச் "செல்லம்" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு நெஞ்சு ஆறியது.

அரை மணித்தியாலம் போயிருக்கும். எண்ணெய் பூசிய பிள்ளையை டீச்சர் நடுவில் அழைத்தார். கால்களைப் பக்கத்துக்கொன்றாக விரித்துத் தரையோடு உட்காரச் சொன்னார். தரைக்கும் பிள்ளைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. டீச்சர் பின்னால் போய், அவள் தோள்களில் இரு கைகளையும் ஊன்றி, தன் முழுப் பாரத்தையும் இறக்கினார். பிள்ளை அலறியது. "இன்னும் கொஞ்சம் செல்லம், இன்னும் கொஞ்சம்" என்று அதே மெதுவான குரலில் சொல்லிச் சொல்லி அழுத்தினார். கதிரைகளில் இருந்த தாய்மார் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முதல்ல எல்லாப் புள்ளையளும் அப்பிடித்தான் கத்தும். மறுகா பழகிரும்," என்றாள் பக்கத்திலிருந்தவள். அந்தப் பிள்ளையின் தாய்தான்.

நான் செருப்போடு உள்ளே பாய்ந்தேன். டீச்சரின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் தலை கண்ணாடியில் மோதியது. கண்ணாடி மேலிருந்து கீழ்வரை வெடித்தது. உன்னிடம் இனிப் பொய் சொல்லி என்ன? தள்ளியது போதாது என்றது என் கை. இன்னொரு முறை தள்ள வேண்டும், அந்த மெதுவான குரல் அலறக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கையை ஓங்கியபடியே நின்றேன்.

"அது உங்கட புள்ளையா?" என்று அந்தத் தாய் என்மேல் சீறினாள். பிறகு பிள்ளையைத் தூக்கி நிறுத்தி உலுக்கினாள். "சொல்லு. நொந்ததா?"

பிள்ளை டீச்சரைப் பார்த்தது. தாயைப் பார்த்தது. கன்னமெல்லாம் கண்ணீர். "இல்ல. நோகல்ல," என்றது.

அந்த நொடியில் எனக்குப் பதினொரு வயதாகிவிட்டது.

களுவாஞ்சிக்குடியில் நம் டீச்சர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில் இருபது பேர் ஆடுவோம். வயல்களுக்கு அப்பால் ஷெல் விழுந்து தகரம் அதிரும். டீச்சர் தாளத்தை நிறுத்தமாட்டார். அவர் கைக் கழி தாளப் பலகையில் விழுந்ததைவிட நம் கால்களில் விழுந்ததுதான் அதிகம். அரைமண்டியில் மடித்த முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தால் கெண்டைக்காலில் ஓர் அடி. அழுதால் இன்னொன்று. உன் அப்பா உன்னைக் கொண்டுவந்து சேர்த்த அன்று நானும் நின்றேன். "அடிச்சுப் பழக்குங்க டீச்சர். கண்ணில மட்டும் படாமப் பாத்துக்கொள்ளுங்க," என்றார். வகுப்பு முடிந்து வரும் வழியில், ஒழுங்கை மூலையில் நின்று, நீ ஒளித்துக் கொண்டுவந்த சின்ன நோவெண்ணெய்ப் போத்தலைத் திறப்பாய். முதலில் என் காலுக்குப் பூசுவாய், பிறகு உன் காலுக்கு. "அடிக்கக்குள்ள பல்லக் கடிக்காத. மூச்சை விடுகா," என்பாய்.

நம் எல்லாரிலும் நீதான் நன்றாக ஆடுவாய். அந்த வருடம் கோயில் சடங்குக்கு ஆட இருந்த நடனத்தில் நடுவில் அம்மனாக நிற்பவள் நீ. உன் வலப்பக்கம் நான்.

ஒத்திகை நாளில், எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அரைமண்டியில் நிற்க முடியாமல் நிமிர்ந்து நிமிர்ந்து போனேன். மூன்றாம் தடவை டீச்சர் எழுந்து வந்தார். கெண்டைக்காலில் விழுந்த அடியில் நான் முழங்காலில் விழுந்தேன். பிறகு முதுகில் விழுந்தது. தலையைக் காக்க நீட்டிய கையில் விழுந்தது. "எழும்புடி, எழும்புடி" என்ற குரல் மட்டும் மேலே கேட்டது.

நீ வரிசையை விட்டு வந்ததை நான் பார்க்கவில்லை. சலங்கைச் சத்தம்தான் கேட்டது. நிமிர்ந்தபோது கழி உன் கையில் இருந்தது. இரண்டு கையாலும் ஓங்கி டீச்சரின் மணிக்கட்டில் இறக்கினாய். பச்சைக் கொப்பு முறிவது போல ஒரு சத்தம். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நீ விடவில்லை. தோளில் ஒன்று. முதுகில் ஒன்று. கழி நெடுக்காகப் பிளந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். அம்மனாக ஆடும்போதுகூட நான் அந்த முகத்தைக் கண்டதில்லை.

டீச்சரின் கணவர் ஓடிவந்து உன் தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தார். சலங்கையோடு மணலில் இழுபட்டாய். சனம் கூடியது. உன் அப்பா மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார்.

"என்னத்துக்கு அடிச்சாய்?"

"டீச்சர் அவளை அடிச்சவ. விழுந்த பிறகும் அடிச்சவ. அவளைக் கேளுங்க அப்பா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது. மற்றப் பிள்ளைகள் தரையைப் பார்த்து நின்றார்கள். நான் பாவாடையை இழுத்துக் காலை மறைத்தேன்.

"டீச்சர் அடிக்கல்ல," என்றேன். "நான்தான் வழுக்கி விழுந்தனான்."

உன் அப்பா இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார். அம்மா என் முகத்தைத் திருப்ப விடவில்லை. "நல்லாப் பார்," என்றாள். பார்த்தேன். எத்தனை என்று தெரியாது. பெல்ட்டின் இரும்புப் பூட்டு உன் இடக் காதில் பட்டு, இரத்தம் கழுத்தால் இறங்கிச் சட்டையை நனைத்தது. நீ கத்தவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. கடைசி அடி வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் காது அதோடு கேட்காமல் போனது. உன் சலங்கையை உன் அப்பா கிணற்றுக்குள் எறிந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

நாம் மறுபடி பேசத் தொடங்கியது, இருவரும் கலியாணமாகிக் கல்லடிக்கு வந்த பிறகுதான். என் மகளின் முதல் சட்டையை உன் தையல் மெஷினில் நீ தைத்துத் தந்தாய். அந்த நாளைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன மாரிகாலத்தில், புற்றுநோய் உன்னைக் கட்டிலோடு சேர்த்துவிட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நீயே அதை எடுத்தாய்.

"உனக்காகத்தான் நான் டீச்சரை அடிச்சனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாயா?"

"ஓம்."

"முதல் அடிதான் உனக்கு. மற்றதெல்லாம் எனக்கு. நல்லா இருந்திச்சுகா. கழி பிளந்திட்டுது, இல்லாட்டி இன்னும் அடிச்சிருப்பன்." சிரித்தாய். சிரிப்பு இருமலாகியது. "அதுக்கு அப்பா அடிச்சது எனக்குச் சரி. நான் குடுத்தன், வாங்கினன். நீ பொய் சொன்னதுதான்…"

தாதி ஊசியோடு வந்தார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

கண்ணாடி வெடித்ததற்கு அடுத்த நாள் பின்னேரம், பாலே டீச்சர் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார். நெற்றியில் பிளாஸ்டர். பொலிசோடு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன், தனியாகத்தான் வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"என்னையும் இப்பிடி அமத்தித்தான் பழக்கினவங்க," என்றார். "நான் கத்தக்குள்ள எங்கட அம்மாவும் வெளியில கதிரையில இருந்தவ. நேற்றிலயிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல்ல."

"அந்தப் புள்ளைக்கு எப்பிடி?"

"தொடையில தசை இழுபட்டிருக்கு. ரெண்டு கிழமை ஓய்வு. வீட்ட போய் மன்னிப்புக் கேட்டனான்."

"நான் உங்களைத் தள்ளினதும் பிழை," என்றேன். பிறகு, ஏனென்று தெரியாமலே சொன்னேன்: "இன்னொருக்காத் தள்ளவும் எனக்கு ஆசை வந்தது."

அவர் ஓரடி பின்னால் போனார். "தெரியும். உங்கட முகத்தில கண்டன்," என்றார்.

மகளை மறுபடி அங்கேயா அனுப்பப் போகிறாய் என்று கணவர் சத்தம் போட்டார். ஓம், அங்கேதான் என்றேன். கழி இல்லாத இடம் தேடி நான் அலைந்தது முட்டாள்தனம். கை எல்லாரிடமும் இருக்கிறது. உன்னிடம் இருந்தது, என்னிடமும் இருக்கிறது. நோகடித்துப் பழக்கிய ஒருவர், தான் செய்தது பிழையென்று படலை வரை வந்து சொன்னதை என் ஆயுளில் இப்போதுதான் கண்டேன். இனி யாருடைய உடம்பையும் கேட்காமல் அழுத்தக் கூடாது என்று டீச்சரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். மகளிடமும் சொன்னேன்: "நொந்தா நோகுது எண்டு சொல்லவேணும். டீச்சர் கோவிச்சாலும் சொல்லு. நான் கோவிச்சாலும் சொல்லு."

போன சனிக்கிழமை, அதன்பிறகு மகளுக்கு முதல் வகுப்பு. டீச்சர் அவள் முதுகில் கையை வைத்து, "அமத்தட்டா?" என்று கேட்டார். தலையாட்டினாள். கை கொஞ்சம் இறங்கியதும் அவள் முகம் சுருங்கியது.

"நோகுது டீச்சர்," என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்க.

டீச்சர் கையை எடுத்தார். பியானோ நிற்கவில்லை. மகள் காலை மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி ஆடத் தொடங்கினாள்.

வகுப்பு முடிந்து படியில் நின்றபோது, அன்றைக்கு என்மேல் சீறிய அதே தாய் கேட்டாள்: "ஏன் நீங்க அண்டைக்கு அப்பிடிப் பாஞ்சீங்க?"

சுற்றிலும் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். மகளும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். கொட்டில், கழி, முறிந்த மணிக்கட்டு, பெல்ட், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ள மறுகா ஆடினதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல," என்றேன். "அந்த முறை சடங்கில அவள்ர இடத்தில நான்தான் ஆடினன். நல்லா ஆடினன் எண்டு சனம் எல்லாம் கைதட்டினது."

அந்தக் கைதட்டல் உனக்குரியது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.