பிந்திப் படிந்த களிமண்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் தோண்டிய எண்ணெய்க் கிணறு கையை விரித்துவிட்டது. மேலே வரும் பாறைத்தூளைத் தட்டுத் தட்டாக முகர்ந்து பார்ப்பது என் வேலை. நேற்றும் வெறும் மண் வாசனைதான். "மூக்கு அடைச்சிருக்கா உனக்கு?" என்று மேலதிகாரி சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: "எண்ணெய் ஊறின பாறை இருக்கு, தேங்கி நிக்க மணற்பாறையும் இருக்கு. மேல மூட வேண்டிய களிமண்தான் லேட்டா வந்து படிஞ்சிருக்கு. அதுக்குள்ள எண்ணெய் கிளம்பிப் போயிடுச்சுப்பா."

அம்மாவின் காரியங்களைப் போனில்தான் பார்த்தேன். எனக்கு லீவு கிடைக்க நாளாகும். அம்மா கடைசியாகக் கட்டியிருந்த புடவையைத் துவைக்கப் போட்டுவிடாதீர்கள். பாலிதீன் பையில் வைத்து, வாயை இறுக்கிக் கட்டுங்கள்.

தபால் எடுத்துப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. கடிதம் கிடைத்த அன்றைக்கே கட்டிவிடுங்கள், அப்பா.

உங்கள் மகன்