ஏழாவது ஜோடி

நேற்று கடலூர் செம்மண்டலம் வீட்டில் வினிகர் பாட்டில் சரிந்து கொட்டியது. அந்த நெடி எழுந்ததும் துடைக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் நான்கு வருடமாகிறது.

சிதம்பரத்து லேபில், செல்லைப் பதப்படுத்தும் அமிலத்தால் நம் இருவர் கையிலும் எப்போதும் அந்த வாடைதான். ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் எலும்பு மஜ்ஜை நம்மிடம் வரும். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களைப் படமெடுத்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி ஜோடியாக அட்டையில் ஒட்டுவோம். இருபத்து மூன்று ஜோடி. எது ஒடிந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று எழுதி அனுப்புவோம். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் எனக்கு முன்னால் நீதான் வந்திருப்பாய்.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் விடவே இல்லை. ஈறில் ரத்தம் கசிந்தது. டாக்டர் மஜ்ஜை எடுத்தார். அது என் மேசைக்கே வந்தது.

ஒட்டி முடித்தபோது ஏழாவது இடத்தில் ஒன்றுதான் இருந்தது. வெட்டும்போது விழுந்திருக்கும் என்று மேசைக்கடியில் மண்டியிட்டுத் தேடினேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிறகு அடுத்த செல்லைப் பார்த்தேன். அதற்கடுத்ததை. பார்த்த இருபது செல்லிலும் ஒன்றுதான். ஏழு போனால் நோய் மருந்துக்கு லேசில் அடங்காது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் வந்தாய். கணவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாய்.

"என்னாச்சுடி?"

"இன்னும் எண்ணல" என்றேன்.

நோட்டுக்கு அடியில் நான் செருகி வைத்திருந்த அட்டையை நீயே உருவி எடுத்தாய். வெகுநேரம் பார்த்தாய்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்க. எண்ணிட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? வேற யாரு எங்கிட்ட சொல்லுவா?"

டாக்டருக்குப் போகும் முன் ரிப்போர்ட்டில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அந்த வேலைக்கு இருந்ததே நாம் இருவர். பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே போட்டாய்.

"வெளிய உக்காந்திருக்காரே, அவுருகிட்ட இப்ப சொல்லாத. பொங்கல் போவட்டும்."

பொங்கல் போனது. மாசியில் நீயும் போனாய். சேத்தியாத்தோப்புக்கு வந்து மாலை போட்டேன். உன் கணவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன். கடலூர் பஸ் பிடித்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். அழுகை வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது கம்ப்யூட்டரே ஜோடி சேர்த்துவிடுகிறது. வாசலில் யாராவது "முடிஞ்சிதாம்மா?" என்று கேட்டால், "முடிஞ்சிது. டாக்டர் சொல்லுவாரு, உக்காருங்க" என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் அவ்வளவு உண்மை சொல்ல வருகிறது. உன்னிடம்தான் வரவில்லை.