ஈயக்குட்டையில் கத்தும் கதிர்க்குருவி

ஜூன் 2, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து டெங்கில் ஊருக்கு; அங்கே ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டை. மண் கொட்டி மூடி வீடு கட்டப் போகிறார்களாம். அதற்கு முன் அங்கே என்னென்ன பறவை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நாணலுக்குள் ஒரு கதிர்க்குருவி. ஒரே கத்தல். எனக்கேற்ற ஜோடி.

வாங்க: பிளாஸ்டர் (குதிகால்), அம்மாவுக்குத் தோசை மாவு.

ஜூன் 3
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாணல் கதிர்க்குருவியில் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு.
குளிருக்கு வந்து போவது: அலகு குட்டை, தடிப்பு. இறக்கை நீளம், கடல் தாண்ட வேண்டுமே. மார்பில் மங்கல் கீற்று.
இங்கேயே இருப்பது: அலகு நீளம், மெல்லிசு. இறக்கை குட்டை. கீற்று கிடையாது.
நம்முடையது இரண்டாவது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பாஸ் முகம் சுருங்கிவிட்டது.
"வாணி, வந்து போறதுன்னு மாத்திடுமா. இங்கேயே இருக்குன்னா வனவிலங்கு இலாகாக்காரங்க கூடு, குஞ்சும்பாங்க. மண் லோரி நின்னுடும் லா."
"வந்ததெல்லாம் மே மாசமே போயிடுச்சு பாஸ். இது ஏன் போகல?"
"வழி தெரியாம நின்னிருக்கும்."
மாற்ற மாட்டேன் என்றேன்.

ஜூன் 5
மழை. ஜாம். டாக்சிக்காரர் மலாய் மொழியில் கேட்டார், எந்த ஊர் என்று. கிள்ளான். அதுக்கு முன்னாடி? அதுக்கு முன்னாடியும் கிள்ளான்தான். இறங்கிய பிறகும் அந்தக் குருவி நினைப்பு.
அம்மா: "உன் வாய்க்கு வேலை போகப் போகுது பாரு." போகட்டும்.

ஜூன் 7, சனி
லீவு நாள். மறுபடி டெங்கில். முழங்கால் வரை சேறு. காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்து போச்சு. அதே குருவி, அலகு நிறையப் பூச்சி. விழுங்கவில்லை. நாணலுக்குள் போய், வெறும் வாயோடு வந்தது. மறுபடியும் பூச்சி. உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம். குஞ்சு! தனியாக நின்று அழுதேன். கிட்டே போகாமல் வீடியோ எடுத்தேன்.

பாஸுக்கு அனுப்பியதும் போன்.
"பார்த்தேன். நீ எழுத வேணாம். வேற ஆள் வெச்சு எழுதிக்கிறேன்."
"எழுதுங்க பாஸ். வீடியோ வனவிலங்கு இலாகாவுக்கும் போயிடுச்சு."
"எப்போ?"
"உங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே."
வைத்துவிட்டார். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. அந்தக் குஞ்சு பறக்கும்வரை எந்த லோரி வருகிறதென்று நானும் பார்க்கிறேன்.