உன் மகளைத் தனியாகக் கேட்டோம்

இன்று காலை வார்டில் நர்ஸ் ஒரு பேண்டேஜ் துணிக் கட்டைப் பிரித்தாள். ப்ளீச்சிங் வாசனையும் கஞ்சி வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை, எனக்கு அது உன் வாசனை. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் உன் வீட்டு முன்னறை முழுக்க வெள்ளைத் துணி குவிந்து கிடக்கும். நடுவில் உட்கார்ந்து நீ மடித்துக்கொண்டே இருப்பாய். உன் சேலையிலும் தலைமுடியிலும், நீ போட்டுக் கொடுக்கும் காப்பியிலும்கூட இதே வாசனைதான். "ஏட்டி, ஆஸ்பத்திரியில வேல பாக்கவ நீ. ஆஸ்பத்திரி வாசம் அடிக்கவ நான்" என்று சிரிப்பாய்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நல்ல சேதி. எனக்கு நல்ல சேதி, உனக்கு எப்படியோ தெரியாது. உன் வீட்டுக்காரனைப் பற்றியது. நீ அவனை மரியாதையாக 'அவிய' என்றுதான் சொல்வாய். நான் 'அவன்' என்றே எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ள இப்போது உன்னால் முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் மருத்துவம் படிக்கப் போனேன், உன்னைத் தறி வைத்திருந்தவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். உன் மகள் மகேசு நடை பழகிய காலத்தில் உன் வீட்டுக்காரனுக்கு இரண்டு கிட்னியும் போயின. நான் டெல்லியில் மேல்படிப்பில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது ஆபரேஷன் முடிந்து, உன் கிட்னி அவன் உடம்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"டாக்டர் கேட்டாக, சம்மதமாம்மான்னு. எங்க அத்த நிக்காக, கொழுந்தன்மாரு நிக்காக, அவிய கட்டில்ல படுத்துக்கிட்டு என்னையே பாக்காக. நான் தலைய ஆட்டுனேன். வேற என்னத்தச் சொல்ல?"

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லட்டி."

"சொல்லிட்டு? அன்னைக்கு ராத்திரி பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

கொடுக்க மனமில்லையா என்று கேட்டேன். "தனியாக் கேட்டிருந்தா ஒருவேள நானே தாரேன்னு சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலையே" என்றாய். அப்புறம் டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனாய். உன் கோபமெல்லாம் டீ மேலும் பஸ் கண்டக்டர் மேலும்தான் பாயும். பாய வேண்டிய இடத்தில் ஒருநாளும் பாய்ந்ததில்லை. கொடுக்க முன்வராத கொழுந்தன்மார்கள், நீ கொடுக்கிறாயா என்று வேடிக்கை பார்க்க மட்டும் வரிசையாக வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் அடுத்த தீபாவளிக்கு அதிரசம் சுட்டு அனுப்பினவள் நீ.

ஆபரேஷனுக்குப் பிறகு அவனுக்குத் தனி அறை, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், நேரம் தவறாமல் மாத்திரை. எல்லாம் உன் கையால்தான். நீயோ தையல் காய்வதற்குள் துணிக் கட்டுத் தூக்கினாய். கிட்னி கொடுத்தவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிரஷரும் ரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் போனில் கத்தும்போதெல்லாம் அவனிடம் போய்க் கேட்பாய். "ஒனக்கு என்ன, நல்லாத்தான இருக்க" என்பான். அதையே நீ எனக்கும் திருப்பிச் சொல்வாய். ஒரு தடவை நானே உன்னை அழைத்துப்போக காரோடு வந்து நின்றேன். தறிக்கு நூல் வரும் நாள் என்று வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினான். நீ அவனுக்குப் பின்னால் நின்று, போய்விடு என்று கண்ணைக் காட்டினாய்.

ஒருநாள் துணி மடித்தபடியே சரிந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பிரஷர் எத்தனை வருஷமாக ஏறிக் கிடந்ததோ, பார்த்தவர் யாருமில்லை. இதை ஆராய்ச்சி செய்கிற டாக்டராகவே சொல்கிறேன், கிட்னி கொடுத்ததால் நீ சாகவில்லை. கொடுத்துவிட்டு நன்றாக வாழ்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கொடுத்த பிறகு உன்னை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லாமல் செத்தாய். உன்னை எடுத்துப் போனபோது அவன் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். "என் உசுரே போச்சே" என்றான். அவன் உசிர் எங்கும் போகவில்லை, உன் புண்ணியத்தில் அவன் வயிற்றுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அன்று அவனை அடித்திருப்பேன். ஊர் கூடி நின்றது, அதனால் விட்டேன்.

அன்றைக்குத்தான் என் ஆராய்ச்சி எது என்று முடிவு செய்தேன். உறுப்பை வாங்கியவர்களைப் பற்றிப் படிக்க உலகத்தில் ஆள் எம்புட்டோ உண்டு. கொடுத்தவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்று நான் தேடிப் போனேன். மம்சாபுரத்திலிருந்து சோழபுரம் வரை அவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று, கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தேன். பெரும்பாலும் மனைவிகள், அம்மாக்கள், அக்காக்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன், உங்களிடம் சம்மதம் கேட்டபோது அறையில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று. நிறையப் பேர் பதில் சொல்லுமுன் வாசலை எட்டிப் பார்த்தார்கள். கூட்டங்களில் இதைப் பேசும்போது என்னைப் பாராட்டுகிறார்கள், பெரிய கருணை உள்ளம் என்கிறார்கள். கருணையாவது ஒன்றாவது. ஒரு மனிதன் மேல் இருந்த ஆத்திரத்தில் செய்த வேலை இது.

அந்த வேலையால்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் வந்தது. கொடுக்க வருகிறவரை முதலில் தனியாக உட்கார வைத்துப் பேசுவோம். மாட்டேன் என்று அவர் சொன்னால் அது அந்த அறையோடு சரி. வெளியே வீட்டாரிடம், "டாக்டர்கள் பார்த்துட்டாங்க, இவங்க கொடுக்க முடியாது" என்று மட்டும் சொல்வோம். பழியை நாங்கள் ஏற்றுக்கொள்வோம், அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் கிட்னியை அவன் தொலைத்துவிட்டான். நீ இருந்தவரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாய். நீ போன பிறகு சில வருஷம் ஏனோதானோவென்று போட்டு வந்தான், அப்புறம் "நல்லாத்தான இருக்கேன்" என்று அவனே நிறுத்திக்கொண்டான். சில மாதங்களுக்கு முன், எங்கள் ஆஸ்பத்திரிக் குழு ராஜபாளையத்தில் மாதம் ஒரு தடவை நோயாளிகளைப் பார்க்கும் மாடிக்கு வந்தான். கூட மகேசு. உன் அதே நெற்றி, அதே நடை. நைட்டி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள். கொழுந்தன்மார்கள் இந்தத் தடவை வேடிக்கை பார்க்கக்கூட வரவில்லை.

வந்திருப்பவர் தெரிந்தவர் என்றால் சம்மதம் கேட்கும் பேச்சில் நான் இருக்கக் கூடாது. குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் டாக்டரம்மா மகேசை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். நான் வராந்தாவில் அவன் எதிரே உட்கார்ந்தேன். எழுந்து போயிருக்கலாம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீ அவ கூடப் படிச்ச பிள்ளைதான? நல்லதாப் போச்சு. ஒரு வார்த்த உள்ள போய்ச் சொல்லும்மா. ரெண்டு நாளா மகேசு வாயே தொறக்க மாட்டேங்கா. ஒன் பேச்சுன்னா கேப்பா."

"உள்ள யாரும் யாருக்காகவும் பேசக் கூடாதுங்க. இங்க அதான் வழக்கம்."

"இது என்ன புது வழக்கம்? அவ அம்மாவக் கேக்கையில நாங்க எல்லாரும் கூடத்தான இருந்தோம்."

"ஆமாங்க. அதனாலதான் இந்த வழக்கத்தக் கொண்டாந்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். மகேசு மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உன்னைப் போல இவளும் தலையாட்டிவிட்டால் இத்தனை வருஷ வேலையும் வீண்தான் எனக்கு.

கதவு திறந்தது. டாக்டரம்மா எங்கள் வழக்கப்படி ஆரம்பித்தார். "ஐயா, நாங்க பாத்துட்டோம். உங்க மகளால கொடுக்க..."

"பொய் சொல்ல வேண்டாம் டாக்டர்." பின்னாலேயே வந்து நின்றாள் மகேசு. "அப்பா, என்னால முடியும். நான்தான் மாட்டேன்னு சொல்லிட்டு வாரேன். அம்மா தந்தத வச்சுக்கிடத் தெரியல ஒங்களுக்கு. இன்னொன்னு நான் தர மாட்டேன்."

"ஏட்டி..." என்று எழுந்தான். என்னைப் பார்த்தான், டாக்டரம்மாவைப் பார்த்தான், மறுபடி நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சித்திரை வெயிலில் அய்யனார் கோவில் அருவியில் தலையைக் கொடுத்த மாதிரி இருந்தது. பாவம் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

ஆனால் உன் மகள் அத்தோடு விடவில்லை. அவனைக் கீழே உட்கார வைத்துவிட்டு, படியேறி என்னிடம் வந்தாள். "அத்த, டயாலிசிஸ் எங்க பண்ணலாம்? காலைல ஷிஃப்ட் மாத்திக்கிட்டு நானே கூட்டிட்டு வாரேன். அவியளுக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. விட்டுவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தேன். இறந்தவர்களிடமிருந்து உறுப்புக் கிடைப்பதற்காகக் காத்திருப்போர் வரிசையில் அவன் பெயரைப் பதிய வைத்தோம். எல்லோரையும் போல அவனும் நிற்கட்டும். முறை வந்தால் கிடைக்கட்டும், அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் மகேசு மனத்தில் அவன் மேல் கோபப் பாரம் எதுவும் இல்லை. நீயோ பாரமே இல்லாதவள் போலப் போய்ச் சேர்ந்தாய். நீங்கள் இரண்டு பேரும் படாத கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். மாதாமாதம் ராஜபாளையம் போகும்போது டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்து அவன் கட்டிலருகே நிற்கிறேன். "பிரஷர் பாத்தாங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். உன்னிடம் அவன் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்விகள். "போட்டேம்மா" என்று தலை குனிகிறான். அடுத்த மாதமும் போவேன், அவன் தலை குனியும்வரை நின்று கேட்பேன்.