அப்பாவுக்குச் சொல்ல வைத்திருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை மலையுச்சியில் நின்றவர்கள் ஐந்து பேர். நான், உன் அண்ணன், உன் அண்ணி, அவர்கள் பெண், எங்களை ஏற்றிக்கொண்டு வந்த வாடகைக் கார் டிரைவர். உன் அப்பா இல்லை. அவர் கீழே ஓட்டல் அறையில், கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தார்.

உன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி இரண்டு மாதமாகக் கூப்பிடுகிறாய். நீ போன் செய்யும்போதெல்லாம் நான் குளிக்கிறேன் என்று அண்ணி சொல்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

அன்று காலையிலேயே அப்பா முழங்கால் வலிக்கிறது என்றார். முதல் நாள் அந்த ஊர்ப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியதுதான் காரணம் என்று நினைத்தோம். தெருவே அங்கே படிக்கட்டாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே அடுத்த வீட்டு வாசல். இவ்வளவு தூரம் பறந்து வந்து படுத்துக் கிடக்கவா என்று நான்தான் கடிந்துகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ போயிட்டு வா. கடலைப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

உனக்குத் தெரியும், அவர் மில்லில் ஷிப்ட் பார்த்த காலமெல்லாம் எங்களுக்குள் அப்படித்தான். கல்யாணமானாலும் சினிமாவானாலும் நான் போய்ப் பார்த்து வருவேன். அவர் சாப்பிடும்போது ஒன்றுவிடாமல் சொல்வேன். அதனால் அன்றைக்கும் பார்த்துப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே பதினோரு கப்பல் நின்றன. ஒன்றில் மட்டும் துணி காயப்போட்டிருந்தார்கள். கரையோரம் பச்சையாக இருந்த கடல் போகப் போகக் கறுத்துவிட்டது.

பதினொன்றேகாலுக்கு உன் அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. தள்ளிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினான். முடித்துவிட்டு அவனே யாருக்கோ போட்டான். "சரி பாப்பா. நீ சொல்றபடியே செய்றேன்" என்றது காற்றில் என் காதுக்கு வந்தது. திரும்பி வந்து, நீ என் போட்டோ கேட்கிறாய் என்றான். நான் தலையை ஒதுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தேன். அந்தப் படம் உன்னிடம் இருக்கும்.

பிறகு, ஓட்டலில் பாஸ்போர்ட் கேட்கிறார்களாம், நீங்கள் மெதுவாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று காரில் ஏறினான். டிரைவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பாஷை தெரியாத அந்த மனுஷனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கார் அரைமணியில் கீழே இறங்கிவிடும். பின் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம்.

அண்ணி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். அவள் கை நடுங்கியது. ஸ்வெட்டர் போடச் சொன்னால் கேட்கிறாயா என்று அவளையும் திட்டினேன். கார் திரும்பி வரும்வரை நாலு மணி நேரம் அந்தச் சேதியை வயிற்றில் கட்டிக்கொண்டு என்னோடு சுற்றினாள், பாவம்.

ஓட்டலில் அறை பெருக்க வந்த பெண்தான் அப்பாவைக் கண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போய், உன் அண்ணன் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்று ஐம்பதுக்கு உயிர் போனது. அதுவரைக்கும் நினைவு இருந்தது, பாப்பா. திரும்பி வரும் விமானத்தில் உன் அண்ணன் சொன்னான்.

"கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா. அம்மா எங்கடான்னு ரெண்டு தரம் கேட்டாரு. வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னேன்."

நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பியே போனார். நான் மேலே கப்பல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் சொல்ல வேண்டாமென்று யார் முடிவு செய்தது என்று கேட்டேன். நான்தான் என்றான். இந்த வயதிலும் அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும். பத்தாம் நாள் வீடு நிறைய ஆள் இருக்க, உன் பெரிய அத்தை அவனை நிற்கவைத்துக் கேட்டாள்: "பெத்தவளக் கூட்டிட்டுப் போகணும்னு தோணலையாடா உனக்கு?" அவன் தலையைத் தொங்கப்போட்டான். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்திருப்பாய். மயக்கம் வரும், பிரஷர் ஏறும், பாஷை தெரியாத ஊரில் இரண்டு பேரையும் எப்படித் தூக்குவது என்று பயந்திருப்பாய். எல்லாம் புரிகிறது. ஆனால் உனக்கு முன்னால் ஒன்றைப் பெற்றுப் பதினோராம் நாள் பறிகொடுத்தவள் நான். அடுத்த வாரமே குடம் எடுத்துத் தண்ணீருக்குப் போனேன். நான் தாங்குவேனா என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. என் பிரசவத்துக்கு உன் பெரிய அத்தை எட்டிப் பார்க்காததை இன்றைக்கும் கிழமையோடு சொல்வேன். அவளைக்கூட அன்றைக்கு விட்டுவிட்டேன், நான் கேட்க வேண்டியதைக் கேட்டாளே என்று. உன் அண்ணனை விட்டாயிற்று. அவனாவது ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றான். அண்ணி மேலும் ஒன்றுமில்லை.

எனக்காக ஒழித்துவைத்த அறையைப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடு. நான் வரவில்லை. சுகர் மாத்திரையை வேளைக்குப் போடு, வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே. உனக்கு ஒன்று என்றால் மட்டும் என்னிடம் மறைக்காதே. அந்த நிமிஷமே சொல்லச் சொல். எத்தனை படியானாலும் ஏறி வருவேன்.

தீர்க்காயுசாக இரு. மற்ற எல்லோரையும் மன்னித்துவிட்டேன். உன்னைத்தான் முடியவில்லை, பாப்பா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்